மான்-வோல் அக்கா போகட்டும்

இந்த லீவுக்கு முதல் ‘ஹொட்டல் டெல் லூனா’வை நாங்கள் மூன்று தரம் பார்த்திருந்தோம். ஆனால் பதினாறாவது எபிசோட்டை ஒரேயொரு தரம்தான். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் பதினைந்தோடு லப்டொப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டோம். ஏனென்று ஆரும் ஆரையும் கேட்கவில்லை. பதினாறில மான்-வோல் அக்கா போயிடுவா. அவ போறதை இன்னொருக்காப் பார்க்க எங்களில் ஒருத்திக்கும் ஏலாது.

‘நாங்கள்’ என்பது கம்பஸுக்குக் கிட்ட ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிற மூன்று பேர். மூன்று பேரும் கலைப்பீடம். அசைன்மென்ட் ஒரு பக்கம் கிடக்கும், டியூட் ஒரு பக்கம் கிடக்கும், நடுவில் லப்டொப் இருக்கும். எங்களில் ஒருத்தி மான்-வோல் கட்சி, ஒருத்தி சொ-ஹீ கட்சி, மற்றவள் ஹியூன்-ஜுங் கட்சி. இரவு ஒரு மணிக்கு இந்த மூன்று கட்சிக்கும் நடக்கிற சண்டையைக் கேட்டு, பக்கத்து அறைக்காரி ஒருநாள் “வீட்டில ஏதும் காணிப் பிரச்சினையோ?” என்று கேட்டாள்.

இன்னும் பார்க்காத ஆக்கள் இதோட நிப்பாட்டிட்டுப் பாத்திட்டு வாங்கோ. முழுக்கதையும் சொல்லப் போறம்.

2019 ஜூலை 13 தொடக்கம் செப்டெம்பர் 1 வரை தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் சனி, ஞாயிறுகளில் போன நாடகம் இது. மொத்தம் 16 எபிசோட். எழுதினது ஹொங் சகோதரிகள். 2013இல் ‘மாஸ்டர்ஸ் சன்’ எழுதின அதே அக்கா, தங்கச்சி. அவைக்குப் பேய் புதுசில்லை.

சோல் நகரத்தின் நடுவில் ஒரு ஹொட்டல். எங்களைப் போல ஆக்களுக்குப் பழைய சின்னக் கட்டடமாகத்தான் தெரியும். பேய்களுக்கு அது பெரிய ஆடம்பர ஹொட்டல். உள்ளுக்குள்ள கடற்கரையே இருக்கு. செத்த பிறகும் மனதில் ஒரு குறை கிடக்கிற ஆக்கள் அங்கே வந்து தங்குவார்கள். குறை தீர்ந்தால் சுரங்கப்பாதையைத் தாண்டிப் பாலத்தால் நடந்து மறுவுலகம் போவார்கள். அந்த ஹொட்டலின் முதலாளிதான் ஜாங் மான்-வோல். நடித்தது பாடகி ஐயூ. செய்த பாவத்துக்காக ஒரு மரத்தோடு கட்டப்பட்டு, 1300 வருடமாகச் சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் இருக்கிறவ.

இதைக் கேட்டால் ஏதோ கண்ணீர் வடிக்கிற சோக நாயகி என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. மான்-வோல் அக்கா சரியான காசாசைக்காரி. வாயைத் திறந்தால் திட்டுத்தான். ஷம்பேன் வேணும், கார் வேணும், ஒரு உடுப்பை ரெண்டு தரம் போடமாட்டா. டீவியில் சாப்பாட்டு நிகழ்ச்சி பார்த்துவிட்டு, அதில் வந்த கடையைத் தேடிப்போய்ச் சாப்பிடுறவ. எங்கட வீட்டு ஹோல்களில் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஓடுகிற சீரியல்களில், பொம்பிளை ஒன்றில் எல்லாத்தையும் பொறுக்கிற மருமகள், இல்லாட்டி எல்லாரையும் கெடுக்கிற வில்லி. பேய்க்கதை என்றாலும் அப்படித்தான். ‘நாகினி’யில பழிவாங்கி முடிஞ்சால் அவளுக்கு வேற வேலையில்லை. மான்-வோலுக்குப் பழியும் இருக்கு, பசியும் இருக்கு. 1300 வருடக் கோபத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று யோசிக்கிற ஒருத்தியை நாங்கள் அதுவரை டீவியில் கண்டதில்லை. கவலையோட இருக்கிற ஆக்கள் உண்மையில் அப்படித்தானே இருப்பினம்?

கதாநாயகன் கு சான்-சங். ஹாவார்டில படிச்ச ஹொட்டல்காரன். 20 வருடங்களுக்கு முதல் அவன்ர அப்பா சாகக் கிடந்தபோது வழிதவறி டெல் லூனாவுக்குள் போய், மகன்ர பிறந்தநாளுக்கென்று அந்த மரத்தில் ஒரு பூவைப் பிடுங்கிவிடுகிறார். பூவுக்குப் பதிலாக மகனைத் தரவேணும் என்பது மான்-வோலின் கணக்கு. அப்படித்தான் அவன் அங்கே மேலாளராக வருகிறான். பேய் என்றால் அவனுக்கு உயிர் போற பயம். முதல் எபிசோட்டுகளில் ஓடுறதுதான் அவன்ர வேலை. பிறகு மெல்ல மெல்ல ஓடாமல் நிற்கப் பழகுகிறான். நின்று, “உங்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்கிறான்.

எங்களைப் பிடிச்சு வைச்சது இந்தக் கேள்விதான். நாங்கள் பார்த்து வளர்ந்த பேய்ப்படங்களில் கடைசியில் ஒரு மந்திரவாதி வருவார். வேப்பிலை, தேசிக்காய், குங்குமம். பேய் அலறும், எரியும், படம் முடியும். அது ஏன் வந்தது என்று ஐந்து நிமிசம் ஒரு பழைய கதை காட்டுவார்கள், அவ்வளவுதான். டெல் லூனாவில் பேயை ஒருவரும் விரட்டுவதில்லை. ஒரு அறைத் திறப்பைக் கையில் கொடுக்கிறார்கள். எவ்வளவு காலமென்றாலும் இருக்கலாம்.

அங்கே வேலை செய்கிற மூன்று பேரும் பேய்கள்தான். கிம் சொன்பி பழைய கால அறிஞர். 500 வருடமாக அங்கே மதுபானம் கலந்து கொடுக்கிறார். உயிரோடு இருந்தபோது அவர் எழுதின கதைகளால் அவரின் பெயர் கெட்டது. அந்தப் பெயர் நேராக வேணும் அவருக்கு. சோய் சொ-ஹீ பெரிய குடும்பத்து மருமகள். பெற்ற பெண் பிள்ளையைப் பறிகொடுத்தவ. அதற்குக் காரணமான புகுந்த வீட்டு வம்சம் அழியிறதைப் பார்க்கக் காத்து நிற்கிறா. ஜி ஹியூன்-ஜுங் முன்மேசையில் நிற்கிற பெடியன். கொரியப் போரில் செத்தவன். தங்கச்சி ஹியூன்-மி தன் காலம் முடிந்து வரும்வரைக்கும் காத்திருக்கிறான். வந்தால் ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்.

சொ-ஹீ கட்சிக்காரி சொல்லுவாள், மற்ற ரெண்டு பேரையும்விட அவளுக்குத்தான் கோபப்பட உரிமை கூட என்று. “வம்சம் அழியவேணும் எண்டு காத்திருக்கிறது சரியோ?” என்று மற்றவள் கேட்பாள். “சரி பிழை எல்லாம் பிறகு. முதல்ல அவளுக்கு என்ன நடந்தது எண்டு ஒராள் கேக்கட்டும்” என்பாள் இவள். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

ஹியூன்-ஜுங் போகிற காட்சிக்கு மட்டும் சண்டை இல்லை. அண்ணன் அப்படியே இளம் பெடியனாக நிற்கிறான். தங்கச்சி நரைச்ச கிழவி. ரெண்டு பேரும் பாலத்தில் நடக்கிறார்கள். தெரியாத ஒராள் பார்த்தால் பாட்டியும் பேரனும் என்றுதான் சொல்லுவார். கிழவி அவனை ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறபோது எங்கள் அறையில் ஆரோ ஒருத்தி லைற்றை நூர்த்துவிடுவாள், மற்றவள் முகம் தெரியாமல் இருக்க.

அந்தக் காட்சி கொரியாவில் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தேடிப் பார்த்தபோது ஒரு விசயம் கிடைத்தது. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் குடும்பங்கள் திக்குத் திக்காகப் பிரிந்தன. 1983 ஜூன் 30 அன்று கேபிஎஸ் தொலைக்காட்சி, பிரிந்த உறவுகளைத் தேடும் ஒரு நிகழ்ச்சியை நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியது. ஒன்றரை மணித்தியாலம் போல நடத்த யோசித்த நிகழ்ச்சி, 138 நாட்கள், 453 மணித்தியாலங்களுக்கு மேல் நீண்டது. சனம் பெயரும் ஊரும் எழுதின மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கமெராவுக்கு முன்னால் நின்றது. கட்டடத்துச் சுவர் முழுக்கக் கடதாசி ஒட்டியது. 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதனால் சேர்ந்தன. அந்த ஒளிப்பதிவுகளை 2015இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அண்ணனும் தங்கச்சியும் கிழண்டுபோய்ச் சந்திக்கிற காட்சியை அந்த நாடு டீவியில் உண்மையாகவே பார்த்திருக்கிறது. டெல் லூனாவில் ஒருவன் மட்டும் கிழண்டு போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த லீவுக்கு எங்களில் ஒருத்தியின் வீட்டில் மூன்று பேரும் போய் நின்றோம். அங்கே அவளின் அம்மம்மா இருக்கிறா. நாலாம் தரம் பார்க்கத் தொடங்கினபோது அவவும் பக்கத்தில் வந்து கதிரையைப் போட்டுக்கொண்டா. கொரியன் தெரியாது, கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தும் தெரியாது. நாங்கள் மாறி மாறித் தமிழில் சொன்னோம். மான்-வோலை அவவுக்கு உடனே பிடித்துவிட்டது. “வாய்க்காரி. ஆனா மனசு நல்லது” என்றா. சான்-சங்கைப் பார்த்து, “இந்தப் பெடியன் ஏன் இப்பிடிப் பயப்பிடுறான், செத்த சனம் என்ன செய்யும்” என்றா.

ஹியூன்-ஜுங்கும் தங்கச்சியும் நடக்கிற இடம் வந்தது. அன்றைக்கு லைற்றை நூர்க்க ஆரும் எழும்பவில்லை. அம்மம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா, “அவளுக்கு வயசு போட்டுது. அவன் அப்பிடியே நிக்கிறான். என்ர தம்பியும் உப்பிடித்தான். எனக்கு இப்பவும் அவன் இருபத்திரண்டு.”

எங்கட சிநேகிதிக்கே அப்படியொரு தம்பி இருந்தது அரைகுறையாகத்தான் தெரியும். 1990இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர், திரும்பி வரவில்லை. அதற்குமேல் அவ சொல்லவில்லை, நாங்களும் முதலில் கேட்கவில்லை. செத்தவருக்கு 31ஆம் நாள் அந்தியேட்டி செய்வோம், வருசா வருசம் திதி செய்வோம். திதி செய்யவும் செத்த நாள் தெரியவேணுமே. நாளே தெரியாத ஒருவருக்கு என்ன செய்வது? அவர் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. மான்-வோல் மாதிரி நடுவில் நிற்கிறார். அவரோடு சேர்ந்து அம்மம்மாவும் நிற்கிறா.

இப்படியான ஆக்களுக்கு எங்கட நாட்டில் எல்லாரும் சொல்லுகிற புத்தி ஒன்றுதான்: மறந்திட்டு முன்னுக்குப் போங்கோ. சொந்தக்காரர் சொல்லுவினம், மேடையில் நிற்கிறவர்களும் சொல்லுவினம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் குந்தத் தொடங்கியபோதும், அதற்குப் பிறகு வருசக்கணக்கிலும் அவர்கள் கேட்டுவருவது இதைத்தான். டெல் லூனாவை மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் ‘போக விடு’ என்றுதான் சொல்லுகிற மாதிரி இருக்கும். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்த ஹொட்டலில் ஒருவரிடமும் ‘மற’ என்று சொல்லுவதில்லை. பாலத்தில் நடக்கிறபோதுதான் நினைவு கழரும். அதற்கு முதல் கணக்கைக் கேட்டு முடிக்கவேணும். கேட்க 500 வருடம் எடுத்தாலும் அறை வாடகை இல்லை. கேட்டு முடிந்த பிறகு போவது வேற, கேட்காமலே போ என்று தள்ளுவது வேற.

ரசிகைகள் என்றதற்காகக் குறை சொல்லாமல் விடேலாது. நாடகத்தில் எல்லா உண்மையும் ஒரு மணித்தியாலத்துக்குள் கிடைத்துவிடுகிறது. 1300 வருடமாகத் துரோகி என்று மான்-வோல் வெறுத்த சொங்-மியோங், அவ்வளவு காலமும் ஒரு மின்மினியாக அவளுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறான். அவன் செய்ததற்கும் ஒரு நல்ல காரணம் இருந்ததாம். எங்களுக்கு அது கொஞ்சம் இலேசாகப் பட்டது. எல்லாத் துரோகத்துக்கும் பின்னால் நல்ல காரணம் இருப்பதில்லை. எல்லாத் தேடலுக்கும் முடிவில் மின்மினி வருவதும் இல்லை. இதைப் பார்த்து அழுதுவிட்டு மனம் இலேசானால் அது எங்கட மனம்தான். அம்மம்மாவின் மனம் இல்லை.

அன்றிரவு பதினைந்தாவது எபிசோட் முடிந்ததும் வழக்கம்போல லப்டொப்பை மூடப் போனோம்.

“ஏன் பிள்ளையள் மூடுறியள்? முடிஞ்சுதோ?”

“இல்லை அம்மம்மா. இன்னும் ஒண்டு இருக்கு. அதில அவ போயிடுவா. எங்களுக்குப் பாக்கேலாது.”

“அவள் எவ்வளவு காலமா நிக்கிறாள் எண்டனியள்?”

“1300 வருசம்.”

“அப்ப போடு. போகட்டும், பாவம்.”

போட்டோம். ஒரு வருசத்துக்கு மேல் தள்ளிவைத்த எபிசோட். சுரங்கப்பாதை வாசலில் சான்-சங் நின்று அனுப்பிவைக்கிறான். மான்-வோல் அக்கா போனா. நாங்கள் மூன்று பேரும் அழுதோம், அம்மம்மா அழவில்லை. கடைசி நிமிசத்தில் கிம் சூ-ஹியூன் புது முதலாளியாக வந்து ‘ஹொட்டல் புளூ மூன்’ என்று காட்டுகிறபோது, இரண்டாம் சீசன் வருமென்று 2019இல் உலகம் முழுக்க ரசிகர்கள் துள்ளினார்கள். நாங்களும் பிந்திப் பார்த்துத் துள்ளினோம். இந்த முறை துள்ளவில்லை.

லப்டொப்பை மூடின பிறகுதான் எங்களில் ஒருத்தி கேட்டாள், “அம்மம்மா, உங்கட தம்பிக்கு என்ன பேர்?”

அவ சொன்னா. பெயரோடு சேர்த்து, அவருக்கு என்ன கறி பிடிக்கும், எந்தச் சைக்கிள் வைத்திருந்தார், கணக்குப் பாடத்தில் எத்தனை தரம் பெயில் விட்டார் என்று எல்லாம் சொன்னா. இரவு பன்ரெண்டு தாண்டிவிட்டது. நாங்கள் இடையில் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் தேத்தண்ணியோடு வந்து, “வேற பேய்ப்படம் இருக்கோ பிள்ளையள்? நேற்றையான் மாதிரி” என்றா.

இருக்கு. ‘மாஸ்டர்ஸ் சன்’ இறக்கியாச்சு. 17 எபிசோட். இரவைக்குத் தொடங்குறம்.