மலை உச்சியில் நாகப்பட்டினம்

ஹைலேண்ட்ஸ் என்றால் நம்மாட்கள் நேரே லாக் நெஸ் ஏரிக்குப் போய், வராத பூதத்தைப் பார்க்கக் காத்திருந்து, கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நாங்கள் நாலு பேர் தங்கியது இன்வர்னஸுக்கு வடக்கே அரைமணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் எவன்டன் கிராமத்தில். மாணவர் பட்ஜெட்டுக்கு அங்கேதான் வீடு கட்டுபடியானது. ஆனால் அங்கிருந்து பகலில் போய்விட்டு ராத்திரி சோற்றுக்குத் திரும்புகிற தூரத்தில் இவ்வளவு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதல் நாள் பிளாக் ஐல். பெயரில்தான் தீவு, உண்மையில் தீபகற்பம். சானன்ரி பாயின்ட் என்ற முனையில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நின்றால் டால்பின் பார்க்கலாம். நேரம் தெரிந்து போகவேண்டும். கடல் வற்றி, மறுபடி நீர் ஏற ஆரம்பிக்கும்போதுதான் அவை சால்மன் மீனைத் துரத்திக்கொண்டு கரைப்பக்கம் வரும். படகு, டிக்கெட் எதுவும் வேண்டாம், ஓத அட்டவணை போதும்.

அதே வழியில் மன்லாக்கி அருகே குளூட்டி வெல் என்று ஒரு ஊற்று. சுற்றியிருக்கும் மரமெல்லாம் துணி! நோயாளியின் துணியை ஊற்று நீரில் நனைத்துக் கட்டினால், துணி மக்க மக்க நோயும் போகுமாம். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. என்ன, இங்கே பாலியஸ்டரும் கட்டியிருக்கிறார்கள். அது மக்கி, நோய் என்றைக்குப் போவது?

டன்ராபின் கோட்டை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 189 அறைகள், அழகான தோட்டம், பருந்து வித்தை. பக்கத்து மலைமேல் முதலாம் சதர்லாந்து பிரபுவின் பிரம்மாண்டச் சிலை நிற்கிறது. ஆட்டுப் பண்ணைக்காக ஆயிரக்கணக்கான குடியானவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றிய குடும்பம். சிலையை இடிக்கவேண்டும் என்று இன்றும் கோபப்படுகிறவர்கள் உண்டு.

அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது மறுநாள் குரோய்க் தேவாலயத்தில்தான். ஆர்ட்கே ஊரிலிருந்து ஆற்றை ஒட்டி ஒற்றைத்தடச் சாலையில் சுமார் 16 கிலோமீட்டர். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று கையாட்டவேண்டும். அதுதான் மரியாதை. 1845-ல் பக்கத்து கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து துரத்தப்பட்ட சுமார் 80 பேர் இங்கே வந்து ஒதுங்கினார்கள். உள்ளே அல்ல. கடவுளின் வீட்டுக்குள் குடித்தனம் செய்யக்கூடாது என்று, வெளியே மயானத்தில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள், குழந்தை குட்டிகளோடு. கிழக்கு ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கமாக, தங்கள் செய்தியைக் கீறி வைத்தார்கள். பேசியது கேலிக் மொழி, கீறியது ஆங்கிலம். படித்தது அதில்தான் போலிருக்கிறது. அதிலும் ஒரு வரி, இந்தத் துன்பம் தங்கள் பாவத்துக்கான தண்டனை என்று நினைத்தார்களோ என எண்ணவைக்கிறது. துரத்தியவனைத் திட்டாமல் தங்களையே! அந்தப் பிரபுவுக்கு மலைமேல் சிலை, இவர்களுக்கு நகத்தளவு எழுத்து. கிட்டே போய்க் குனிந்தால்தான் தெரியும்.

கடைசி நாள் ஃபைரிஷ் மலை. தங்கிய ஊருக்கு நேர் மேலே, 453 மீட்டர். காட்டு வழியாக ஏறி இறங்க இரண்டரை மணி நேரம் ஆகும். உச்சியில் வளைவுகளும் தூண்களுமாக ஒரு நினைவுச்சின்னம். கீழே கிராமர்ட்டி கடற்கழியில் எண்ணெய்த் துரப்பண மேடைகள் வரிசையாக நிற்பது தெரிகிறது. எந்த வாசலைப் பார்த்து இந்தச் சின்னத்தைக் கட்டினார்கள் தெரியுமா? நாகப்பட்டினம் கோட்டை வாசல்!

இந்த ஊர் ஜமீன்தார் சர் ஹெக்டர் மன்றோ. 1780-ல் பொள்ளிலூரில் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நசுக்கியபோது, பக்கத்தில் காஞ்சிபுரத்திலேயே இருந்தும் போய்ச் சேராதவர். பீரங்கிகளைக் கோயில் நகரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அடுத்த வருடம், 1781 நவம்பரில், டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அந்தப் பெருமைக்குத்தான் இந்த வாசல். பொள்ளிலூருக்கு மலை ஏதும் ஒதுக்கவில்லை. (1792-ல் இவருடைய மகன் வங்காளத்தில் புலி அடித்துச் செத்தான். லண்டன் மியூசியத்தில் இருக்கும் திப்புவின் பொம்மைப் புலிக்கு அதுதான் தூண்டுதல் என்பார்கள்.)

பட்டினி கிடந்த உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கக் கட்டியது என்றும், கல்லை மேலேயிருந்து உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லி வேலையை நீட்டினார் என்றும் ஊரில் கதை உண்டு. இதைத் தருமம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசித்தவனைக் கல் தூக்க வைத்து, தான் பிடித்த ஊரின் வாசலைக் கட்டிக்கொள்வதற்கு வேறு பெயர் வேண்டும். ஆனால் அந்தக் கூலியில் அடுப்பெரிந்த வீடுகளும் இருந்திருக்கும்.

நான் நாகைப் பக்கத்துக்காரன். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை அந்த பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறேன். டச்சுக் கோட்டைக்கு ஒரு வாசல் இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. கூட வந்த மதுரைக்காரன், "டேய், உங்க ஊரு கேட்டுடா, நீ முதல்ல போ" என்றான். நான் முதலில் நுழைந்தேன். அந்தப் பக்கமும் அதே புல்தான், காற்றுதான் இன்னும் பலமாக அடித்தது.