பெட்டிக்கு எத்தனை நாள் ஞாபகம்?

ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த அண்ணாச்சியின் தவசக் கடை கண்ணில் படாது. கரிசல் காட்டு சம்சாரிகளுக்கு அது நன்றாகத் தெரியும். தை பிறந்தால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் மூட்டை மூட்டையாக அவர் குடோனுக்கு வந்து இறங்கும். விலை ஏறட்டும் என்று அங்கேயே போட்டு வைக்கிறவர்களும் உண்டு.

அந்த நம்பிக்கைக்காகத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் குடோனில் நான்கு கேமராக்களை மாட்டினார். கல்லாவுக்கு மேலே பலகையில் ரெக்கார்டர் பெட்டி. அதை எல்லோரும் ‘என்.வி.ஆர்.’ என்றார்கள். பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. அதோடு அண்ணாச்சி அதை மறந்துவிட்டார்.

பொங்கல் கழிந்து பன்னிரண்டாம் நாள் இருப்பு எண்ணியபோது மூன்று மூட்டை உளுந்து குறைந்தது. குடோன் சாவி இருவரிடம்தான் இருந்தது. ஒன்று அண்ணாச்சியிடம், மற்றது பன்னிரண்டு வருஷமாக அங்கே சுமை தூக்கும் தொழிலாளியிடம்.

“பொங்கலன்னைக்கு நீதானலே பூட்டுன?” என்று அண்ணாச்சி கேட்டார். கேட்ட விதத்திலேயே எல்லாம் இருந்தது.

அந்த மனிதர் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “அண்ணாச்சி, அந்தப் பொட்டியத் தொறந்து பாருங்க. அதுல நான் தூக்கிட்டுப் போயிருந்தா நீங்க சொல்லுறதக் கேக்கேன்.”

திறந்து பார்த்தார்கள். பெட்டியில் ஆறு நாள்கூட முழுசாக இல்லை. அதற்கு முந்தைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிட்டிருந்தது. பொங்கல் நாளே அதில் இல்லை. மறுநாள் அந்த மனிதர் வேலைக்கு வரவில்லை.

சென்னையில் கணினி வேலை பார்க்கும் மகள் அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தாள். பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

“அப்பா, ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புது. நாலு கேமராவுக்கு 16. எட்டு பிட் சேந்தா ஒரு பைட். அப்ப நொடிக்கு 2 மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி. தெனம் 173 ஜி.பி. நீங்க போட்டிருக்க ஹார்ட் டிஸ்க் 1 டி.பி. அது ஆறு நாளைக்கே பத்தாதுப்பா.”

“அப்ப பச்சை வெளக்கு?”

“பதிவு ஆகுதுன்னுதான் அது சொல்லும். எத்தன நாள் இருக்குன்னு சொல்லாது.”

இந்த ஆறு நாள் கணக்கு மளிகைக் கடைக்கு மட்டும் உரியதல்ல. ஓட்டப்பிடாரமும் சாத்தான்குளமும் ஒரே தூத்துக்குடி மாவட்டம். 2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டதும், கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டு அடுத்தடுத்து இறந்ததும் நாடறிந்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய அறிக்கையில் ஒரு விவரம் உண்டு: ஹார்ட் டிஸ்க் 1 டி.பி.; இடம் போதுமான அளவு இருந்தது; ஆனாலும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. பெட்டி சொல்லாததை, அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் சொல்ல வேண்டியிருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும், இரவிலும் தெரியும் கேமராக்கள் வேண்டும் என்றது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும்; அதற்கேற்ற கருவி கிடைக்காவிட்டால் ஒரு வருஷமாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கேமரா எத்தனை என்பதோடு, ஞாபகம் எத்தனை நாள் என்பதும் சட்டத்தின் கேள்வியானது.

அண்ணாச்சியின் தேவை அவ்வளவு பெரிதல்ல. மாதம் ஒரு முறை இருப்பு எண்ணுகிறார். அதைத் தாண்டிப் பதிவு நின்றால் போதும். மகள் 4 டி.பி. டிஸ்க் வாங்கிப் போட்டாள். வீட்டுக் கணினிக்கு வாங்குவது அல்ல, இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கத் தாங்கும் கண்காணிப்பு டிஸ்க். அத்தனை பெரிய டிஸ்க்கை அந்தப் பெட்டி ஏற்குமா என்று முதலில் பார்த்துக்கொண்டாள். பதிவு முறையை எச்.264-லிருந்து எச்.265-க்கு மாற்றியதில் அதே படத்துக்கு ஏறக்குறையப் பாதி இடம் போதுமானது. நாளுக்கு 86 ஜி.பி.; நாற்பத்தாறு நாள் நிற்கும்.

கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்தங்கி இருந்தது. இணையத்தைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும்படி அதை மாற்றினாள். நேரம் தப்பான பதிவு பாதி சாட்சிதான். மின்வெட்டில் அணையாமல் இருக்க ஒரு யு.பி.எஸ். வைத்தாள். கரிசல் புழுதியும் வெயிலும் ஏறிய பலகையிலிருந்து பெட்டியை எடுத்து, காற்றோட்டம் உள்ள பூட்டிய அலமாரியில் வைத்தாள். திருட வருகிறவன் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிப் போனால் என்ன மிச்சம்? வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையும் மாற்றினாள். 2016-ல் ‘மிராய்’ என்ற நச்சுநிரல், பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் உலகெங்கும் வளைத்துப் போட்டதை அப்பாவுக்குச் சொன்னாள்.

எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி மெல்லக் கேட்டார்: “அப்ப அந்த ஆளு?”

“அவரத்தான் கேக்கணும் நீங்க.”

மறுநாள் காலையில் அண்ணாச்சி அந்த மனிதரின் வீட்டுக்குத் தானே போனார். திண்ணையில் உட்கார்ந்து, வாங்கிக் குடித்த கருப்பட்டிக் காபி ஆறும்வரை பேசவில்லை. பிறகு, “நான் கேட்டது தப்புய்யா” என்றார்.

அந்த மனிதர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் பேசினார். “வாறேன் அண்ணாச்சி. அந்த டி.வி.யக் கல்லாப் பக்கம் மட்டும் திருப்பி வைக்காதிய. எனக்கும் தெரியுறாப்புல வைங்க. அது எனக்கும் சாட்சிதான?”

மூன்று மூட்டை எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. டி.வி. இப்போது குடோன் வாசலைப் பார்த்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் கடையடைக்கும் முன் இருவரும் சேர்ந்து நின்று, பெட்டியில் இருக்கும் மிகப் பழைய தேதி எது என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்கள்.