மலைக்குப் போகும் இரவு ரயில் – 1: எந்தப் பக்கம் ஏறுவது?

கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. ஊட்டிக்கு உண்டு. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் நானுஓயா வரைக்கும் உண்டு. பகாங் மாநிலத்தின் இந்தத் தேயிலை மலைக்கு மட்டும் தண்டவாளம் ஏறவே இல்லை. ஆனாலும் இந்த முறை இரவெல்லாம் ரயிலில் படுத்துப் போய், விடிந்ததும் இறங்கி மலையேற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ரிங்லெட் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வீட்டில் பிறந்த என் அத்தையையும் கூட்டிப் போகிறேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஜொகூர் பாருவில் இருக்கிறார்.

"ஏம்மா, கார்ல போனா காலையில கெளம்பி சாயந்தரத்துக்குள்ள போயிரலாமே?" என்றார்.

"போயிரலாம் அத்தை. ஆனா நீங்க கார்ல ஏறின உடனே தூங்கிருவீங்க. ரயில்னா முழிச்சிருந்து பேசுவீங்க."

சிரித்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வரைபடத்தை விரித்தேன்.

1885 என்ற ஆண்டு என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. அந்த ஆண்டில்தான் இலங்கையில் ரயில் நானுஓயா வரை ஏறியது. கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கும் மேலே. அதே ஆண்டு ஜூனில் மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. பதின்மூன்று கிலோமீட்டர்கூட வராத அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். அதே ஆண்டில்தான் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் மலைகளுக்குள் புகுந்து, பிற்காலத்தில் தன் பெயரைத் தாங்கப்போகும் மேட்டுநிலத்தைக் குறித்துவைத்தார். மலையேறும் ரயிலும், மலாயா ரயிலும், கேமரன் மலையும் ஒரே ஆண்டில் கணக்குக்கு வந்தும் ஒன்றோடொன்று சேரவில்லை. மலையில் வேலை தொடங்க நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதற்குள் மோட்டார் வண்டி வந்துவிட்டது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையைப் போட்டார்கள். ரயிலுக்குத் தேவை இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே ரயில் எங்கே நம்மை இறக்கிவிடும் என்பதே கேள்வி. மேற்குக் கரையில் பதில் சுலபம். பேராக்கில் தாப்பா ரோடு நிலையம். கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து தாப்பா, பிறகு மலைச்சாலை. வசதிதான், ஆனால் கண்ணயர நேரமில்லை. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் இரவு ஏறி, விடியலில் கோலாலம்பூரில் இறங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. அந்த நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30-ஆம் தேதி கடைசி ரயில் புறப்பட்டது. மின்மயமான இரட்டைப் பாதையும் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகமும் வந்தபிறகு, மேற்குக் கரையில் படுக்கை வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. வேகம் வந்ததில் எனக்குக் குறையில்லை. இரவு ரயில் போனதில்தான் வருத்தம்.

கிழக்கே அது இன்னும் இருக்கிறது. ஜொகூர் பாரு சென்ட்ரலிலிருந்து கிளந்தானின் தும்பாட் வரை போகும் 'எக்ஸ்பிரஸ் ராக்யாட் தீமுரான்' மாலையில் புறப்பட்டு, கெமாஸில் மேற்குப் பாதையை விட்டுப் பிரிந்து, ஜெராண்டுட், கோல லிப்பிஸ் வழியாகக் காட்டுக்குள் ஓடி, மறுநாள் காலை குவா மூசாங்கைத் தொடுகிறது. டீசல் வண்டி, ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்கு வழிவிட அங்கங்கே காத்து நிற்கும். குவா மூசாங்கிலிருந்து லோஜிங் வழியாகக் கேமரன் மலையின் வடமுனையான கம்போங் ராஜாவுக்குச் சாலை இருக்கிறது. காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கூட்டம் அதிகமாக மேற்கிலிருந்தே ஏறுவதால், இந்தப் பின்வாசல் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை.

படுக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஸ்லீப்பர் பெட்டி மாதிரி எதிரும் புதிருமான பலகைகள் இல்லை. நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் வண்டியின் நீளவாக்கில் மேலும் கீழுமாகப் படுக்கைகள். ஒவ்வொன்றுக்கும் திரை உண்டு. இழுத்துவிட்டால் பெண்கள் தனியாக வந்தாலும் கவலையில்லாமல் படுக்கலாம். கீழ்ப்படுக்கை அகலம், ஜன்னலும் அதற்கே. மேலே போக ஏணி. அத்தைக்கு ஏணி ஆகாது என்பதால், நடைபாதைக்கு இருபுறமும் எதிரெதிரே இரண்டு கீழ்ப்படுக்கைகள் வேண்டும். அவை முதலில் தீர்ந்துபோகும். பள்ளி விடுமுறை, நோன்புப் பெருநாள் நாட்களில் சொல்லவே வேண்டாம். குளிர்சாதனம் எலும்பு வரை இறங்கும், கொடுக்கிற போர்வையை நம்பக் கூடாது. மலைக்கென்று எடுத்துவைக்கும் கம்பளி இங்கேயே வேலைக்கு வந்துவிடும். சாப்பாட்டுக்கு அத்தை ஏற்கெனவே புளிச்சோறு என்று தீர்மானித்துவிட்டார்.

மாதமும் முக்கியம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கிளந்தானை அடித்துப் பெய்யும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் குவா மூசாங்குக்கு வடக்கே கெமுபு ரயில் பாலமே உடைந்து, பாதை சீராக நீண்ட காலம் பிடித்தது. அந்த மாதங்களைத் தவிர்த்துவிட்டேன்.

இந்தப் பாதை 1931-இல் முழுமை பெற்றது. பத்தாண்டு கழித்து ஜப்பானியர் வந்தார்கள். இதன் பெரும்பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையை 1943 அக்டோபரில் முடித்தார்கள். இரும்பைக் கொண்டுபோன மாதிரியே தோட்டங்களிலிருந்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். கங்காணி கூட்டிவந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், சம்பளம் உண்டு என்று நம்பிப் போனவர்கள், வழியில் பிடிபட்டவர்கள் என்று பல்லாயிரம் மலாயாத் தமிழர்கள் அந்தக் காட்டில் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். ஆர். சண்முகம் தம் 'சயாம் மரண ரயில்' நாவலில் எழுதியது அவர்களைத்தான். போருக்குப் பிறகு கிழக்குப் பாதையை மறுபடி போட வேண்டியிருந்தது. நான் படுத்துப் போகப்போவது அந்த மறுபாதையில். இதைச் சொன்னபோது அத்தை, "எங்க பெரியப்பாவையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரல" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ரயிலில் கேட்பேன்.

வடக்கிலிருந்து இறங்கிவந்தால் தோட்டங்கள் வேறு வரிசையில் வரும். முதலில் லோஜிங்கின் காய்கறிப் பண்ணைகள். காட்டை வெட்டிய மண்சரிவுகளையும் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்து கம்போங் ராஜாவில் புளூ வேலி தேயிலைத் தோட்டம். பிறகு பிரிஞ்சாங், அதற்கு மேலே 'போ' தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம். ஜே. ஏ. ரஸ்ஸல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியது 1929, உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்த ஆண்டு. 1933-இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலை வந்தது. தானா ராத்தா 1,440 மீட்டர், குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டருக்கு மேல். தெற்கே ரிங்லெட்டில் இறங்கினால் அத்தையின் ஊர்.

கொழுந்து பறித்த தமிழர் குடும்பங்கள் இப்போது மலையில் குறைவு. வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள்தான் தோட்டங்களில் அதிகம் வேலை செய்கிறார்கள். ஆனால் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தமிழ்ப்பள்ளி இருக்கிறது, பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தேயிலையைப் படம்பிடிக்க வருகிறவர்கள் இந்த மூன்றையும் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்களே என்பது என் நெடுநாள் ஆதங்கம். எங்கள் பயணத்தில் தேயிலைக்கு ஒரு நாள் என்றால், இவற்றுக்கும் ஒரு நாள்.

கிழமையைத் தீர்மானித்தது சுங்கை பாலாஸ். அங்கே பார்வையாளர்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு என்றால் பிரிஞ்சாங் சாலையில் கார்கள் நகராது. ஆகவே திங்கள் மாலை ஜொகூர் பாருவில் ஏறி, செவ்வாய் காலை குவா மூசாங்கில் இறங்குகிறோம். அங்கிருந்து மலைக்குப் பேருந்தை எதிர்பார்த்து நிற்க முடியாது. வாடகைக் காருக்கு முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும், சொல்லிவைத்தாயிற்று. வியாழன்வரை மலையில். திரும்பும்போது கிழக்கு வேண்டாம். பழைய தாப்பா சாலையில் லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டி இறங்கி, தாப்பா ரோட்டில் மின்சார ரயிலைப் பிடிக்கிறோம். அந்தச் சாலை அத்தையின் ஆசை. கல்யாணமாகி மலையை விட்டு இறங்கியபோது லாரியில், சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து அந்த வளைவுகளைக் கடந்தாராம். "இந்த வாட்டி முன்சீட்டு எனக்கு" என்று இப்போதே சொல்லிவிட்டார்.

டிக்கெட் கிடைத்துவிட்டது. இரண்டும் கீழ்ப்படுக்கை, எதிரெதிரே. அடுத்த பகுதி ஜொகூர் பாரு சென்ட்ரல் நடைமேடையிலிருந்து.