ரிச்சி தெருவில் ஓர் அபிப்பிராய யாத்திரை

சென்னையில் பட்டுப் புடவை எடுக்க வேண்டுமா? தியாகராய நகருக்குப் போங்கள். மூட்டைக் கணக்கில் காய்கறி வேண்டுமா? கோயம்பேட்டுக்குப் போங்கள். கம்ப்யூட்டரை அங்கம் அங்கமாக வாங்க வேண்டுமா? அண்ணா சாலையில், அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகச் சற்று நடங்கள். ரிச்சி தெரு வந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அங்கே சாமான்களுக்கு மட்டும்தான் விலை. அபிப்பிராயங்கள் முற்றிலும் இலவசம்!

இந்த உண்மை எனக்கு என் அக்கா மகனால் தெரிய வந்தது. விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கிய பையனின் சட்டைப் பையில் ஒரு ஜாபிதா இருந்தது. விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு வேண்டிய உறுப்புகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பான்ட் பையில் ஒரு லட்சம் ரூபாய். அதில் நாற்பதாயிரம், அவன் பதினான்கு மாதம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிச் சேர்த்தது. பாக்கி அறுபதாயிரம், அக்கா எடுத்த சீட்டுப் பணம். "விளையாட்டு சரி, படிப்புக்கும் ஆகுமாடா?" என்று மட்டும் அவள் டெலிபோனில் என்னைக் கேட்டாள். ஆகும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

ரிச்சி தெரு என்று சொல்கிறோமே தவிர, அது ஒரு தெரு அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றிலும் கிளை பரப்பிய ஆலமரம். ஒரு காலத்தில் ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பேர் போன இடம். 1975-ல் சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. கடைகள் டெலிவிஷனுக்கு மாறின. கம்ப்யூட்டர் வந்தது, அதற்கும் மாறின. தலைக்கு மேலே கேபிள் சுருள்கள், காலடியில் மோட்டார் சைக்கிள்கள், நடுவிலே டீக் கிளாஸ்களுடன் ஓடும் பையன்கள். இதற்கிடையில்தான் நாம் நடக்க வேண்டும்.

முதல் கடைக்காரர் ஜாபிதாவை மேலும் கீழும் பார்த்தார். "ரைஸன் 9 பிராஸஸரா? பிரமாதம்! தண்ணீரில் குளிர வைக்கும் கருவியா? பேஷ்! கண்ணாடிப் பெட்டிக்கு இன்னும் மூன்று கலர் விசிறி போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

இரண்டாவது கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பிராஸஸருக்கு இவ்வளவு பணமா? விளையாட்டுக்கு உயிரே கிராபிக்ஸ் கார்டுதான். இருப்பதிலேயே பெரிய கார்டாக எடுங்கள்!"

மூன்றாமவர் மதர்போர்டுதான் தாய் என்றார். நான்காமவர் தம்மிடம் இருந்த சரக்கைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்றார். ராம் விலையை விசாரித்தோம். 2025-ன் கடைசி மாதங்களில் அது ஏறிய ஏற்றத்தைத் தங்கத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொருவரும் பெருமூச்சு விட்டார்கள். பகல் ஒரு மணிக்குப் பையன் முகம் வாடிவிட்டது. "மாமா, ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடலாமே" என்றான். எனக்கோ, என் வாக்கும் அக்காவின் சீட்டுப் பணமும் கண் முன்னே நின்றன.

டீக் கடைக்காரர்தான் வழி காட்டினார். "மாடியிலே ரிப்பேர்க்காரர் ஒருத்தர் இருக்காரு. அவரு எதையும் விக்கிறதில்லை. அவரைக் கேளுங்க."

குறுகிய படிக்கட்டு ஏறினோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், சால்டரிங் கோலைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். ஜாபிதாவை வாங்கினார். ஆனால் படிக்கவில்லை!

"தம்பி, என்ன விளையாட்டு ஆடுவே?"

"கிரிக்கெட், புட்பால், கொஞ்சம் துப்பாக்கிச் சண்டை."

"என்ன மானிட்டர்?"

"வீட்டிலே இருக்கிற பழசு. 60 ஹெர்ட்ஸ்."

"எந்த ரூமிலே வைக்கப் போறே? ஏ.சி. உண்டா?"

"மாடி ரூம். பேன்தான்."

காலையிலிருந்து பார்த்த கடைக்காரர்களில் ஒருவர்கூட இந்த மூன்று கேள்விகளையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதன் பிறகே அவர் பேனாவை எடுத்தார். 60 ஹெர்ட்ஸ் திரை வினாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். கார்டு 140 படம் தீட்டிக் கொடுத்தாலும் கண்ணுக்கு வராது. ஆகவே ராட்சசக் கார்டு வேண்டாம், ஆர்.டி.எக்ஸ். 5060 போதும். ரைஸன் 9-ஐ அடித்துவிட்டு ரைஸன் 5 7600 என்று எழுதினார். ஆறு கோர் உள்ளது. குளிர்விக்கும் விசிறி அதன் பெட்டியிலேயே வருகிறது. ராம் 16 ஜி.பி.; அதையும் ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாகப் போட்டால் தகவல் இரண்டு வழியாக ஓடும். முன்பக்கம் கண்ணாடி மூடிய பெட்டியில் வெப்பம் அடைந்து கிடக்கும். மாடி அறைக்கு வலை வைத்த பெட்டியே நல்லது.

கடைசி வரிக்கு வந்ததும் அவர் புருவம் நெரிந்தது. மற்றதற்கெல்லாம் தாராளமாக எழுதிய பையன், மின்சாரம் வழங்கும் பவர் சப்ளைக்கு மட்டும் விலை மலிவான, பெயர் தெரியாத 850 வாட் ஒன்றைப் போட்டிருந்தான்.

ரிப்பேர்க்காரர் மேஜை இழுப்பைத் திறந்து, கருகிப் போன மதர்போர்டு ஒன்றை எடுத்து வைத்தார். "இதுவும் ஒரு தம்பியோடதுதான். பவர் சப்ளையிலே ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிச்சான். அது போகிறபோது போர்டையும் கார்டையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. வெளியே ஒட்டியிருக்கிற 850-ஐப் பார்க்காதே. உன் கார்டு 145 வாட், பிராஸஸர் 65 வாட் ரகம். நல்ல கம்பெனி 550 தாராளம். 80 பிளஸ் முத்திரை இருக்கட்டும். ஆனா அது மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னுதான் சொல்லும். கம்பெனி பேரையும் வாரண்டியையும் தனியா பாரு."

பையன் அந்தக் கரிய போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானே பேனாவை வாங்கி, கலர் விளக்குகளையும் தண்ணீர்க் கருவியையும் அடித்தான். பதினான்கு மாதக் கனவில் பாதி அந்த விளக்குகள் என்பது எனக்குத் தெரியும்.

"மானிட்டரை அப்புறம் மாத்திக்கோ. பில்லிலே ஒவ்வொரு உறுப்போட சீரியல் நம்பரையும் எழுதி வாங்கு. ஒயரை மதர்போர்டிலே சொருகாதே, கிராபிக்ஸ் கார்டிலே சொருகு. பாதிப் பேர் அங்கேதான் ஏமாறுறாங்க" என்றார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. ஒரு டீ மட்டும் ஏற்றுக்கொண்டார்.

நேயர்களே, நீங்களும் ரிச்சி தெருவுக்குப் போகலாம். உங்களுக்குப் பதில் சொல்கிறவர்கள் அங்கே நூறு பேர் இருப்பார்கள். உங்களைக் கேள்வி கேட்கிறவர் யார் என்று தேடுங்கள்.

மாலைக்குள் சாமான்கள் கூடி, கடையிலேயே பெட்டி உருவாகிவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு பையன் ரயில் ஏறினான். இரவு பத்தரை மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. பேசியது அக்கா.

"ஏண்டா, பக்கத்து வீட்டுப் பையன் பெட்டியிலே கலர் கலரா எரியுது. நம்ம பெட்டியிலே ஒண்ணுமே எரியலையே!"

"எரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் அக்கா, பகல் முழுக்க அலைந்தோம்!" என்றேன்.