இரண்டு ஓட்டங்கள்

ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட எனக்கு, மாணவன் ஒருவனிடம் மன்னிப்புக் கேட்ட நாள் ஒன்றுண்டு. அதனை மறைக்காது எழுதுவது, ஆசிரியர்க்கும் நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்க்கும் பயன்படும் என நம்புகிறேன்.

ஐந்தாம் ஆண்டில் பயின்ற அம்மாணவனுக்கு முதல் வகை நீரிழிவு. இனிப்பு நீர் என்றாலே முதியோர் நோய் என்று நம்மவர் எண்ணுவர். இதுவோ வேறு. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. இனிப்பை மிகுதியாக உண்டதால் வருவதன்று. 1922ஆம் ஆண்டு டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ வழியில்லாதிருந்தது.

அச்சத்தால் நான் அவனைத் திடலில் ஓடவிடவில்லை. மரநிழலில் அமர்த்திப் புள்ளிகளைக் குறிக்கச் சொன்னேன். ஒருநாள் அவன் தாயார் வந்தார். “ஐயா, ஊசி போட நானிருக்கிறேன். ஓடக் கற்றுக்கொடுக்க நீங்கள்தானே இருக்கிறீர்கள்?” என்றார். என்னால் மறுமொழி கூற இயலவில்லை.

மறுவாரமே அவன் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் சேர்ந்தான். அரைமணி நேர மெல்லோட்டத்திற்குப் பின் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின, கேட்டதற்குத் தொடர்பின்றி விடையளித்தான். விரல்நுனிக் குருதியைச் சோதித்தோம். லிட்டருக்கு 3.2 மில்லிமோல். 4க்குக் கீழ் இறங்கினாலே உடனே கவனிக்க வேண்டும். சீனி கரைத்த நீரைப் பருகிச் சற்று நேரத்தில் தெளிந்தான். ஓடினால் சர்க்கரை இறங்கும் என்ற பாடத்தை நான் அன்று கற்றேன்.

அந்த அரைப் பாடமே என்னைத் தவறச் செய்தது. போட்டி விளையாட்டு நாளன்று நூறு மீட்டர் ஓட்டத்தில் அவன் இரண்டாவதாக வந்தான். ஓடுவதற்கு முன் 8 என்றிருந்த அளவு, தகுதிச் சுற்றும் இறுதிச் சுற்றும் முடிந்தபின் 12 ஆகியிருந்தது. ஓடியவனுக்கு எப்படி ஏறும்? இனிப்பை ஒளித்துத் தின்றிருக்கிறான் என்றே முடிவு செய்தேன். பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். “நான் ஒன்றும் சாப்பிடவில்லை, ஐயா” என்றான். “பொய் வேறா?” என்றேன். அவன் அழவில்லை. கழுத்தில் கிடந்த பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

சில நாள்களுக்குப் பின், அவன் தாயாருடன் மருத்துவரைச் சந்தித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. நெடுநேர மிதமான ஓட்டத்தில் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொண்டேயிருக்கும். நோயற்றவர் உடல் அவ்வேளையில் இன்சுலினைத் தானே குறைத்துக்கொள்ளும். ஊசியால் செலுத்திய இன்சுலினைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே சர்க்கரை இறங்குகிறது. முழு வேகக் குற்றோட்டத்திலோ அட்ரினலின் பெருகி, கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையைக் குருதியில் கொட்டுகிறது. அதனால் சிறிது நேரம் ஏறுகிறது. 2006இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், மிதமாக மிதிவண்டி மிதித்தபின் 10 விநாடி முழு வேகத்தில் மிதித்ததே, சர்க்கரை மேலும் இறங்காமல் தடுத்ததாம். எனினும், ஏறியது கண்டு பதறி இன்சுலினை மிகுதியாகச் செலுத்தலாகாது. தசைகள் தம் சேமிப்பை மீண்டும் நிரப்பிக்கொள்வதால், அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும்.

திங்கட்கிழமை சபைக்கூடலில், பலர் முன் கடிந்த நான் பலர் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, ஐயா” என்றான். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

அன்று முதல் எங்கள் பள்ளியில் சில நெறிகள் உண்டு. ஓடுமுன்னும் ஓடியபின்னும் சோதித்தல் வேண்டும். 4க்குக் கீழிறங்கினால் ஓட்டத்தை நிறுத்தி, சுமார் 3 தேக்கரண்டி சீனியை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதித்தல் வேண்டும். நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாது உடனே மருத்துவ உதவியை நாடல் வேண்டும். நடுங்கும் பிள்ளையைத் தனியே எங்கும் அனுப்பலாகாது.

இந்நோய் 1999இல் கண்டறியப்பட்ட அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால், 2000, 2004 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். தடுக்க வேண்டியது பிள்ளையின் ஓட்டத்தையன்று, நம் அறியாமையையே. அளவி காட்டிய எண் உண்மை. அவ்வெண்ணுக்கு நான் கற்பித்த காரணமே பொய். மாணவனைப் பொய்யன் என்னுமுன், நாம் கற்றது முழுமைதானா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பது ஆசிரியர்க்கு அழகு.