சப்போர்ட் என்று நினைத்து எழுதியது

ஒரு ஸ்பானிஷ் சொல்லால் நான் பட்ட பாட்டை இன்று சொல்லிவிடுகிறேன்.

மகன் ஸ்பெயினில், வலென்சியாவில் இருக்கிறான். மருமகள் அந்த ஊர்ப் பெண். அவளோடு நாலு வார்த்தை பேச வேண்டுமென்று, ஓய்வு பெற்றபின் கைப்பேசியில் ஸ்பானிஷ் படித்து வருகிறேன். போன மாதம் அவளுக்கு வேலை போய்விட்டது. 'உனக்குத் துணையாக நான் இருக்கிறேன்' என்று சொல்ல ஆசைப்பட்டேன். ஆங்கில 'சப்போர்ட்' நினைப்பில் 'தே சொப்போர்த்தோ' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் மகன் கூப்பிட்டான். "அம்மா, 'உன்னைச் சகிச்சுக்கிட்டு இருக்கேன்'னு எழுதியிருக்கீங்க" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. துணை நிற்பதற்கு 'அப்போயார்' என்று வேறு வினை இருக்கிறதாம்.

அன்றிரவு அகராதியோடு உட்கார்ந்தேன். 'சொப்போர்த்தார்' நம் 'தாங்கு' மாதிரி. தூண் கூரையைத் தாங்குவதற்கும் அதுதான், மனுஷன் வலியைத் தாங்குவதற்கும் அதுதான். ஆனால் ஓர் ஆளைப் பற்றி 'நோ லோ சொப்போர்த்தோ' என்றால், அவனைக் கண்டாலே ஆகாது என்று பொருள். 'தொலெரார்' என்பது பிடிக்காததையும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவது. பால் உடம்புக்கு ஒத்துக்கொள்வதையும் அப்படியே சொல்கிறார்கள். 'அகுவான்தார்' என்பது விடாமல் பிடித்து நிற்பது. மூச்சை அடக்குவதும் சிரிப்பை அடக்குவதும் அதில் சேரும். துவண்டவரிடம் 'அகுவான்தா!' என்றால், 'விட்டுடாதே, இன்னும் கொஞ்சம்' என்று தைரியம் சொல்வது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நான் எழுதிய சொல் தவறுதான், முழுப் பொய் இல்லை. மகன் ஊருக்கு வராததற்கு அவள்தான் காரணம் என்று ஐந்து வருஷமாக அவளைச் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். இல்லையென்றால் ஒரு கிழவியின் மொழிப்பிழைக்கு யார் இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள்?

மறுநாள் வீடியோவில் கூப்பிட்டு 'பெர்தோன்' என்றேன். 'தே அப்போயோ' என்று மூன்று முறை சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். 'அகுவான்தோ' என்றேன். சரியான சொல் என்று தலையாட்டினாள்.

ஆங்கிலச் சாயலில் ஒரு சொல்லைப் பார்த்தால் நம்பிவிடாதீர்கள் நண்பர்களே. அனுப்புமுன் ஒருமுறை அகராதியைப் பாருங்கள், மனசையும் பாருங்கள்.