சீலி வீட்டுப் பெண்கள்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் பகுதியில் நார்த்லீச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் தேவாலயத் தரையில் கம்பளி வணிகர்களின் உருவங்களைப் பித்தளையில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். நாம் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல அங்கே தாளை விரித்து மெழுகுக் கட்டியால் தேய்த்துப் படியெடுப்பார்கள். அப்படியான படிகளின் வழியாகத்தான் அந்த வணிகர்கள் எனக்கு அறிமுகம். 1458இல் இறந்த ஜான் ஃபோர்ட்டி ஒரு காலை ஆட்டின் மேலும் மறு காலைக் கம்பளிப் பொதியின் மேலும் ஊன்றி நிற்கிறார். தேவாலயத்தின் நடுக்கூடத்தைக் கட்டி முடிக்க 300 பவுண்டு எழுதிவைத்தவர் அவர். பிரபுக்கள் காலடியில் சிங்கத்தை வைத்துக்கொண்ட காலத்தில், இவர் தனக்குச் சோறு போட்ட ஆட்டை வைத்துக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அதே தேவாலயத்தில் இன்னொரு தகடு. அதில் ஆக்னஸ் என்ற ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு கணவர்களும் இருக்கிறார்கள். முதல் கணவர் 1420இல் இறந்த தையற்காரர் வில்லியம் ஸ்கோர்ஸ். அவர் காலடியில் கத்தரிக்கோல். இரண்டாமவர் 1447இல் இறந்த கம்பளி வணிகர் தாமஸ் ஃபோர்ட்டி. புறநானூற்றுத் தாபத நிலைப் பாடல்களை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவள் நான். ஒரே நினைவுச்சின்னத்தில் இரண்டு கணவர்களோடு நிற்கும் பெண்ணை அத்தனை எளிதில் கடந்துபோக முடியவில்லை. இதைப் பெண்ணுக்குக் கிடைத்த விடுதலை என்று கொண்டாடவும் தயக்கமாக இருந்தது. வணிகர் உலகில் விதவை என்றால் அவள் கையிலிருக்கும் சொத்தும் சேர்த்துத்தான் பொருள். லண்டன் நகர வழக்கப்படி, பிள்ளைகளும் இருந்தால், இறந்தவரின் அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. அந்தப் பங்கு இருக்கும்வரை அவளுக்கு வரன்களும் இருந்தன.

இந்த நூற்றாண்டுக் கம்பளி வணிகர்கள் பக்கம் நான் போனதற்கு என் வீட்டில் ஒரு காரணம் உண்டு. எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்காகப் பெரியப்பா குடும்பக் கொடிவழி ஒன்றைத் தயாரித்தார். ஏழு தலைமுறை. கட்டம் கட்டமாகப் பெயர்கள். தமிழில் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதால் ஒற்றுப்பிழை பார்த்துத் தரும்படி என்னிடம்தான் தந்தார். பார்த்தேன். பிழைகள் குறைவு. ஆனால் அதில் பெண்கள் யாருமில்லை. அந்த வீட்டு அடுப்படியில் 41 வருடம் நின்ற என் அம்மா இல்லை, அத்தைகள் இல்லை, நானும் இல்லை. கேட்டேன். "பொண்ணுங்களப் போட்டா கிளை வேற வேற வீட்டுக்குப் போயிடும்மா, தாள் பத்தாது" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, உண்மையான அச்சகக் கவலையாகத்தான் சொன்னார்.

அந்தத் தாள் பற்றாக்குறை மனதில் இருக்கும்போதுதான் நூலகத்தில் ஐலீன் பவர் 1924இல் எழுதிய இடைக்கால மனிதர்கள் பற்றிய நூலைப் படித்தேன். அது சீலி குடும்பத்திடம் கொண்டுபோய் விட்டது. லண்டன் மார்க் லேனில் வீடு, எசெக்ஸில் நிலம். காட்ஸ்வோல்டில் கம்பளி வாங்கி, பொதிகட்டி, லண்டனில் எடைபோட்டுச் சுங்கம் கட்டி, அன்று ஆங்கிலேயர் கையிலிருந்த கலே துறைமுகத்துக்குக் கப்பலேற்றி, ஃபிளாண்டர்ஸ், ஹாலந்து வணிகர்களுக்கு விற்பது தொழில். 1472 முதல் 1488 வரை அவர்கள் எழுதிய, பெற்ற கடிதங்கள் ஏறத்தாழ 250 மிஞ்சியிருக்கின்றன. அவற்றை முழுமையாகப் பதிப்பித்தவர் ஆலிசன் ஹான்ஹம் என்ற பெண் ஆய்வாளர்.

ஆண்களின் கொடிவழியை ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். தந்தை ரிச்சர்ட் சீலி, இறப்பு 1482. மகன்கள் ராபர்ட், ரிச்சர்ட், ஜார்ஜ். ஜார்ஜ் இறந்தது 1489, இளைய ரிச்சர்ட் 1493. அவர்களுடைய பங்குக் கோயிலான ஹார்ட் தெரு புனித ஓலாவ் தேவாலயத்தைக் கட்டிய கொடையாளர்களாக ரிச்சர்ட், ராபர்ட் என்ற இரண்டு சீலிகளை 1598இல் ஜான் ஸ்டோ தன் லண்டன் வரலாற்றில் பதிவு செய்கிறார். ஆண்களின் வேலை அங்கே முடிந்தது. பெண்களை வரையத்தான் எனக்கு மாதங்கள் ஆயின.

1482 மே 13ஆம் தேதியிட்ட கடிதம் ஒன்று. கம்பளி எடுக்க நார்த்லீச் போன இளைய ரிச்சர்ட், தம்பி ஜார்ஜுக்கு எழுதுகிறார். வில்லியம் மிட்விண்டர் என்ற உள்ளூர்க் கம்பளி வியாபாரி பேச்சோடு பேச்சாக, திருமண யோசனை உண்டா என்று கேட்கிறார். அந்தப் பக்கத்திலேயே பெரிய செல்வரும் செல்வாக்கு உள்ளவருமான லிம்ரிக் என்பவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். தாய் இல்லை. தாய்வழியில் ஆண்டுக்கு 40 பவுண்டு வரும். பிறகு தேவாலயத்தில் பெண் பார்க்கும் படலம். பெண்ணும் சிற்றன்னையும் காலையில் ஒரு மைல் நடந்து வந்திருக்கிறார்கள். ரிச்சர்ட் திராட்சை மது அனுப்புகிறார், அங்கிருந்து சுட்ட நாரை வருகிறது. சாப்பாட்டுக்குப் பின் சந்திப்பு. பெண் இளையவள், சிறிய உருவம், அழகி, கெட்டிக்காரி, ஊரில் நல்ல பெயர் என்று மனநிறைவோடு எழுதுகிறார். மீதியெல்லாம் அவள் தகப்பனார் லண்டன் வந்து எவ்வளவு தருவார் என்பதைப் பொறுத்தது என்று முடிக்கிறார்.

பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதில் நாரை. மற்றபடி எனக்கு அதில் எதுவும் புதிதாக இல்லை. இந்தக் கடிதத்தில் தந்தையின் பெயர் இருக்கிறது, தரகு பேசியவரின் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது. பெண்ணின் பெயர் மட்டும் இல்லை. அவள் மதிப்பைத் தீர்மானித்த அந்த 40 பவுண்டைத் தந்தவள் இறந்துபோன தாய். அவள் பெயரும் இல்லை. சம்பந்தம் கைகூடவில்லை. மறு வருடம் ரிச்சர்ட், லண்டன் வணிகர் ஒருவரின் மகளான ஆன் ராசனை மணந்துகொண்டார். அதே காலத்துக் கடிதம் ஒன்றில், எம் என்ற பெண் தன்னால் கருவுற்றிருப்பதைத் தன் மானத்துக்கு வந்த சோதனையாகத் தம்பியிடம் புலம்புகிறார். எம் என்ன ஆனாள் என்பதைவிட விஷயம் வெளியே தெரியாமல் இருப்பதுதான் அவருக்குக் கவலை.

ஜார்ஜின் கதையில் கலே இருக்கிறது. கிளேர் என்ற பெண் அவருக்குப் பிரெஞ்சு மொழியில் ஒரு காதல் கடிதம் எழுதியிருக்கிறாள். கணக்குகளுக்கும் பொதி எடைகளுக்கும் நடுவே அந்தக் குரல் திடுக்கிட வைக்கிறது. அடுத்து மார்ஜரி என்ற சமையற்காரப் பெண். 1482இல் கலேயில் குடும்ப வணிகத்தைப் பார்த்துக்கொண்ட வில்லியம் சீலி, அவள் கேட்டதை ஜார்ஜுக்கு எழுதி அனுப்புகிறார். பிள்ளை பெற்றபின் தேவாலயம் போகும் சடங்குக்கு, போன முறை தந்ததுபோல, ஓர் அங்கியும் மற்ற துணிமணியும் வேண்டும். 'போன முறை' என்ற சொல்லில் இன்னொரு குழந்தை ஒளிந்திருக்கிறது. அந்த ஆகஸ்டில் இன்னொரு கடிதம். மார்ஜரியின் மகள் இறந்துவிட்டாள், இன்றே அடக்கம் செய்தாயிற்று. ஜார்ஜின் மகள் என்று எழுதவில்லை. மார்ஜரியின் மகள். சீலி குடும்பக் கொடிவழியில் தாய் பெயரால் குறிக்கப்பட்ட குழந்தை எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான். அது மரியாதை அல்ல என்பதும் தெரிகிறது.

1484இல் ஜார்ஜ் வேறொரு மார்ஜரியை, எட்மண்ட் ரிகன் என்பவரின் வசதியான விதவையை மணந்தார். அவள் கணவருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பணிவாகத் தொடங்கி, நினைவாகப் பொன்னால் ஆன இதயம் ஒன்றை அனுப்பியிருப்பதாகச் சொல்கிறாள். 1486இல் அண்ணனும் தம்பியும் பிரிட்டனியில் கப்பல் வாங்கி அதற்கு மார்கரெட் சீலி என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் பெண் பெயர் தாங்கிப் பயணம் போனது அந்தக் கப்பல்தான்.

இந்தக் காகிதங்கள் எப்படி மிஞ்சின? பாசத்தால் யாரும் பாதுகாக்கவில்லை. ஜார்ஜ் இறந்ததும், அண்ணன் தம்பிக்குள் இருந்த கடன் கணக்கு பற்றி ரிச்சர்ட் தரப்புக்கும் மார்ஜரிக்கும் வழக்கு வந்தது. கடிதங்களும் கணக்குகளும் ஆதாரமாக நீதிமன்றம் போயின. திரும்பி வரவில்லை. சீலி குடும்பத்துக்குப் பித்தளையைவிட நீடித்த நினைவுச்சின்னம் அமைந்ததற்கு, சொத்தை விட்டுக்கொடுக்காத ஒரு விதவையும் ஒரு காரணம்.

புனித ஓலாவ் தேவாலயம் 1666 பெருந்தீயில் தப்பியது, 1941 குண்டுவீச்சில் எரிந்து பின்னர் சீரமைக்கப்பட்டது. அங்கே சுவரின் உயரத்தில் எலிசபெத் பீப்ஸ் என்ற பெண்ணின் பளிங்குச் சிலை இருக்கிறது. 1669இல் 29 வயதில் இறந்தவள். நாட்குறிப்பால் புகழ்பெற்ற கணவர் சாமுவேல் பீப்ஸ் வைத்த சிலை. 1663 ஜனவரியில் அவள் தன் தனிமையையும் மனக்குறைகளையும் எழுதி வைத்திருந்த தாளை அவள் கண் முன்னே கிழித்துப்போட்டவரும் அவரே. அதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவள் எழுதியது போய்விட்டது, அவர் எழுதியதும் அவர் வைத்த சிலையும் இருக்கின்றன. ஒரு பெண்ணுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை யார் வைத்தது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

பெரியப்பாவின் கொடிவழி அச்சாகிக் கோயில் மண்டபத்தில் தொங்குகிறது. நான் வேறொரு தாளில் அம்மாவிலிருந்து தொடங்கினேன். அம்மா, அம்மாச்சி, அம்மாச்சியின் அம்மா. மூன்றாவது பெயர் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கடைசியில் மாமா வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்த ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிடைத்தது. இன்னார் மனைவி என்று எழுதி, அதன்பிறகு பெயர், பக்கத்தில் பெருவிரல் ரேகை. கால் ஏக்கர் புஞ்சையை மைத்துனருக்கு விட்டுத்தர மறுத்திருக்கிறாள். அவளுக்கு மேலே ஒரு கட்டத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும்.